சனிக்கிழமை வயரிங் வகுப்பு

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். மல்லாபூரில் பிளாஸ்டிக் பைப் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ" என்றான்.

எங்கள் வீடு தெலுங்கு பேசுகிற ஊரில், லாலாகூடாவில், ரயில்வே பட்டறைக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் முள்செடி, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். வண்டி போனால் அடுப்படியில் தட்டுகள் அதிரும். என் அப்பா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து இந்தப் பட்டறைக்குக் கலாசி என்கிற உதவியாள் வேலைக்கு வந்தவர். எனக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கவில்லை. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்திலேயே இந்தச் சந்தில் வாடகைக்கு வந்துவிட்டோம். வேலை போனாலும் சத்தம் போகவில்லை.

என் மகன் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன். அவனுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சாப்பிடும்போது வண்டி போனால் நான் வேண்டுமென்றே, "கூட்ஸ்" என்பேன்.

"நக்கோ நைனா. கூட்ஸ் இல்ல. காலி ரேக்கு, வெறும் பெட்டிங்க. தடதடன்னு லேசா போவுது பாரு."

"பாசஞ்சர்."

"ஐயோ நைனா, பாசஞ்சருக்கு இந்த ஹார்னா? முப்பது வருசமா இங்கதானே இருக்கே, காதுல இன்னா வெச்சினு இருக்கே?"

அவன் சொல்வதுதான் எப்போதும் சரியாக இருக்கும். ரயில் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. சின்னப் பிள்ளைகள் சொல்கிற ஆசை மாதிரி அது ஆறாவதோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கள் சந்திலேயே, நாலு வீடு தள்ளி, ரயிலில் உதவி டிரைவராக வேலை பார்க்கிற ஒரு தமிழ்த் தம்பி இருக்கிறார். அவர் டியூட்டி முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இவன் பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பான். எப்படி டிரைவர் ஆவது என்று அவரிடம் கேட்டு வந்தது இவன்தான், நான் இல்லை. பத்தாவது பாஸ் பண்ண வேண்டும், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும், பிறகு பரீட்சை. அந்த வரிசையைக் கணக்குப் பாடம் மாதிரி ஒப்பிப்பான்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனைவி வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். புடவைக்கு ஏற்ற நிறத்தில் நூல் வேண்டும். முனையிலுள்ள மேட்சிங் கடைக்கு மகனைத்தான் அனுப்புவாள். பச்சை நூல் கேட்டால் சில சமயம் செங்கல் நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவான்.

"ஏண்டா, பச்சை கேட்டா இன்னாடா இது?"

"நீ பச்சைன்னுதான் சொன்னே. நான் எடுத்துக் காட்டினேன், கடைக்காரன் சுத்திக் குடுத்தான்."

"அவன் கிட்ட இன்னான்னு கேட்டே? லால்னு கேட்டியா, ஹரான்னு கேட்டியா?"

ஹிந்தியில் லால் சிவப்பு, ஹரா பச்சை. நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் இந்தச் சிரிப்பு உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, விளையாட்டில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ். ஆமாம் என்பதற்கு என் மகன் 'ஹவ்' என்பான், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பான். ஒரு நிறத்துக்கு நாலு பெயர். தெலுங்கில் பச்ச என்றால் சில வீட்டில் மஞ்சளையும் சொல்வார்கள். பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்யும்? எல்கேஜியில் அவன் இலைக்குப் பழுப்பு நிறம் அடித்தபோது டீச்சரே எங்களிடம், "தமிழ்க்காரப் பசங்க அப்படித்தான், கலர் பேரெல்லாம் சரியாக லேட் ஆகும்" என்று சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். பெயர்கள் சரியாவதற்காகக் காத்திருந்தோம். கொஞ்ச வருடத்தில் அவன் நிறத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

எட்டாவதில் அவனுடைய பள்ளியில் சனிக்கிழமை மத்தியானம் கைவேலை வகுப்பு ஆரம்பித்தார்கள். வயரிங், தையல், சமையல், தோட்டம். இதில் ஒன்றை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று நிறையப் பேர் வயரிங்குக்குத்தான் கை தூக்கினார்களாம். சனத்நகரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சார் அந்த வகுப்புக்கு. மற்ற நாளெல்லாம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஏன் இதை எடுக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். ஃபேன் ரிப்பேர் பண்ணலாம், செல்போன் பிரிக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இவன் மட்டும், "ரயில் ஓட்டணும் சார்" என்றானாம். சார் சிரித்துவிட்டு முதல் பெயராக இவனை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வகுப்பில் இவனை 'ரே டிரைவர்', அதாவது டேய் டிரைவர், என்றுதான் கூப்பிட்டார்கள்.

வகுப்பு நடந்த இடம் ஒரு பழைய சாமான் அறை. மேலே தகரம். ஒரு டியூப் லைட். ஜன்னலை மறைத்துக்கொண்டு உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கும். கம்ப்யூட்டர் அறைக்குப் போகும்போது ஷூவைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். புது வகுப்பு என்றதும் அதே வழக்கத்தை இதற்கும் வைத்துவிட்டார்கள். வாசலில் ஷூக்கள் வரிசையாக இருக்கும், உள்ளே பிள்ளைகள் வெறும் காலோடு நிற்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சார் சொல்லித்தந்ததை அவன் வீட்டில் வந்து எங்களுக்குச் சொல்வான். உங்களுக்கும் அது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இஸ்திரிப் பெட்டி மாதிரி இரும்பு உடம்பு உள்ள சாமானுக்கு மூன்று கம்பி வரும். ஒன்றில் கரெண்ட் வரும். ஒன்றில் திரும்பிப் போகும். மூன்றாவது சும்மா இருக்கும். அது இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். உள்ளே எங்காவது பழுதாகிக் கரெண்ட் உடம்புக்கு வந்துவிட்டால், அதைத் தரைக்கு அனுப்பி ஆளைக் காப்பாற்றுவது இந்த மூன்றாவது கம்பிதான். அதற்குப் பிளக்கில் பெரிய பின். பழைய கணக்குப்படி கரெண்ட் வருவது சிவப்பு, திரும்பிப் போவது கறுப்பு, காப்பாற்றுவது பச்சை.

வகுப்பில் பழகக் கொடுத்த வயர் புது வகை. அதில் காப்பாற்றுகிற கம்பியில் பச்சையோடு மஞ்சள் கோடு ஓடும். மற்ற இரண்டும் பழுப்பும் நீலமும். என் மகன் ஒரு வாரம்கூடத் தப்பாகப் போடவில்லை. "கோடு போட்டது பெரிய பின்னுக்கு" என்று சொல்லிக்கொண்டே கட்டுவான். வகுப்பிலேயே வேகமான கை அவனுடையது என்று சார் சொல்லியிருக்கிறார். அவனைப் பக்கத்து மேசைக்குப் போய்ச் சரிபார்க்கச் சொல்வாராம். அந்த வாரங்களில் சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருகிற நடையே வேறு மாதிரி இருக்கும். விரலில் டேப் ஒட்டியிருக்கும். கழுவ மாட்டான்.

மழைக்காலம் வந்தது. வீட்டில் கெட்டுப்போன சாமான் ஏதாவது கொண்டுவாருங்கள், பிளக் மாற்றலாம் என்று சார் சொன்னார். அவனோடு ஒரே மேசையில் வேலை செய்கிற பெண் அவள் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தெலுங்குக்காரப் பெண். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பெட்டி நன்றாக இருந்தது, பிளக்தான் உடைந்திருந்தது. ரொம்பப் பழைய பெட்டி. அதன் வயருக்கு மேலே நூல் பின்னியிருக்கும், உள்ளே மூன்று ரப்பர் கம்பி. சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சையில் மஞ்சள் கோடு கிடையாது.

இவன் கட்டினான். அவள் ஸ்குரூ முடுக்கினாள். அந்த நேரத்தில் சாரை ஆபீசில் கூப்பிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் யாரும் பிளக்கைச் சொருகக் கூடாது, நான் வந்து பல்பு வெச்சு டெஸ்ட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதை எல்லாப் பிள்ளைகளும் பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கடைசி மணி அடிக்கிற நேரம். அந்தப் பெண் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று நின்றாள். இவனோ பக்கத்து மேசைகளையே சரிபார்க்கிறவன். தன் வேலையில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. சொருகி ஸ்விட்சைப் போட்டான்.

பெட்டி சூடாகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "உன் வேலை இவ்வளவுதானா ரே, டிரைவர்?" என்று கேலி செய்துகொண்டே அவள் இடது கையால் பிடியைத் தூக்கி, சூடு வந்திருக்கிறதா என்று அடிப்பக்கத்து இரும்பில் வலது கை விரலை வைத்தாள். தகரம் ஒழுகித் தரை ஈரமாக இருந்தது. காலில் ஷூ இல்லை.

அவள் கத்தவில்லை என்று என் மகன் சொன்னான். தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். பிளக்கைப் பிடுங்கியதும் அவன்தான். அதற்குள் அவள் சரிந்து பெஞ்சு முனையில் வாய் அடிபட விழுந்தாள்.

பிழைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். முன்பல் ஒன்று உடைந்தது. வலது கையில் இரண்டு விரல் நுனி வெந்து, ஆறிய பிறகும் மடங்கியபடியே நின்றுவிட்டது.

கம்பெனிக்குப் போன் வந்து நான் பள்ளிக்குப் போனபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிரின்சிபல் மேடம், வயரிங் சார், என் மகன் மூன்று பேரும் ஆபீசில் இருந்தார்கள். பேச்செல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும். நான் தமிழில் எழுதுகிறேன்.

சார் பிளக்கைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தார். பெரிய பின்னில் சிவப்புக் கம்பி இருந்தது. கரெண்ட் வருகிற பின்னில் பச்சைக் கம்பி இருந்தது. காப்பாற்ற வேண்டிய கம்பியில் கரெண்டை விட்டிருக்கிறான். பெட்டியின் இரும்பு முழுக்கக் கரெண்ட். அதனால்தான் சூடும் ஏறவில்லை. சார் கோபப்படவில்லை. அவருக்கு வேலை போகப்போவது தெரிந்துவிட்டது.

"பச்சையை எங்கேப்பா போட்ட?" என்று கேட்டார்.

"பெரிய பின்ல சார்."

"பெரிய பின்ல இருக்கறது என்ன கலர்?"

அவன் குனிந்து பார்த்தான். சிவப்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டு சொன்னான். "பச்சை சார்."

மேடம் என்னைப் பார்த்தார். "பாருங்க. கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டே பொய் சொல்றான். ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கா. பயம் இருக்கா பாருங்க முகத்துல."

"பொய் இல்ல மேடம். நான் சரியாத்தான் போட்டேன்."

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். மன்னிப்புக் கேள் என்றேன், கேட்டான். தப்பாகப் போட்டேன் என்று சொல் என்றேன், அதை மட்டும் சொல்லவில்லை. அவனைப் பள்ளிக்கே வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சார் தன் பையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் மகன் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலையில் நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண்ணின் அப்பா வராந்தாவில் நின்றிருந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போடவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் பையன் விளையாட்டுக்குப் பண்ணானா, தெரியாமப் பண்ணானா? மறைக்காதே. அதை மட்டும் சொல்லிடு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெற்றவனுக்கே தெரியவில்லையா என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவனை முன்னால் உட்கார வைத்தேன். ரயில் ஓட்ட வேண்டுமென்றால் உண்மையைச் சொல் என்றேன். வேறு எதைச் சொன்னால் அசைவான் என்று எனக்குத் தெரியவில்லை. "நான் பச்சையைத்தான் பெரிய பின்ல போட்டேன் நைனா" என்று அழுதான். அவன் அழுகை பொய் அழுகை இல்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்த கம்பி சிவப்பு.

என் மனைவி எழுந்து போய் நூல் ரீல் டப்பாவைக் கொண்டுவந்தாள். வாசல்பக்கம் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் ஒரு துணியை விரித்து எல்லா ரீலையும் கொட்டினாள்.

"இன்னாம்மா இது?" என்றான்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. பேர் எதுவும் சொல்ல வேணாம். தமிழும் வேணாம், தெலுங்கும் வேணாம். இதோ இந்த ரீலு. இதே மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்து இதுகிட்ட வை."

அவள் முன்னால் வைத்தது பச்சை ரீல். நல்ல இலைப் பச்சை.

அவன் ஒரு பச்சை ரீலை எடுத்து வைத்தான். அடுத்து இன்னொரு பச்சை. அடுத்து செங்கல் நிறத்தில் ஒன்று. அதற்கு அடுத்து ஒரு பழுப்பு. திரும்ப ஒரு பச்சை. அதன் பக்கத்தில் ஒரு மங்கிய சிவப்பு. எங்கும் தயங்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் வயர் கட்டுகிற அதே வேகமான கை. முடித்துவிட்டு, "அவ்வளவுதான்மா" என்றான்.

"இதெல்லாம் ஒண்ணாடா?"

"ஒண்ணுதான். இது மட்டும் கொஞ்சம் அழுக்கு." செங்கல் நிறத்தைக் காட்டினான்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் ரயில்வேக்காரர் வீட்டில் பிறந்தவன். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணிமேல் இருந்த ரீல்களை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அப்போது வண்டி எதுவும் போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கண் டாக்டர் புள்ளி புள்ளியாக வரைந்த படங்களைக் காட்டினார். அவற்றுக்குள் எண்கள் இருந்தன. எனக்கும் என் மனைவிக்கும் பளிச்சென்று தெரிந்தது. அவன் முதல் படத்தில் மட்டும் எண்ணைச் சொன்னான். மற்றவற்றில் விரலால் தேடினான். பிறவியிலேயே வந்தது, மருந்து கிடையாது, பார்வைக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். எத்தனையோ வேலைகள் இருக்கின்றன என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"ரயில் ஓட்டலாமா சார்?" என்று அவன் கேட்டான்.

"அது முடியாதுப்பா."

இது பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வரும், உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் என் மனைவியைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணனுக்கு ரயில்வே வேலை வந்தது. மெடிக்கல் டெஸ்ட்ல போச்சுன்னு சொன்னாங்க. ஏன்னு யாரும் கேக்கல. நேரம் சரியில்லன்னு சொல்லிட்டு வுட்டாங்க." அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் மகனுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருவாள். அது யாருடைய குற்றமும் இல்லை என்று நான் சொன்னேன். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் சொன்னேன். தெரியாமல்தான் செய்தான், அவனுக்குக் கண் இப்படி என்று விளக்கினேன். நிதானமாகக் கேட்டார்.

"சரிண்ணா. பையன் மேல தப்பு இல்ல. ஒத்துக்கறேன்." பிறகு, "இத்தனை வருசமா உங்க வீட்டுல யாருமே பாக்கலையா?" என்றார்.

மொழிக் குழப்பம் என்று நினைத்தோம் என்றேன். நாங்கள் தமிழர்கள், வீட்டில் ஒன்று வெளியே ஒன்று என்றேன். அவருடைய பெண் உள்ளே பாயில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே நின்று சொல்லும்போது அந்தக் காரணம் எனக்கே சரியாகப் படவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பள்ளியில் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் மேடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். மகனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வயரிங் வகுப்பை மட்டும் திறக்கவில்லை. சாரும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் என்னுடைய செல்போனைக் கேட்டான். பாட்டுக் கேட்கிறான் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நைனா, நீ படத்தைக் காட்டு. நான் நம்பர் சொல்றேன்."

டாக்டர் காட்டிய அதே புள்ளிப் படங்கள். எங்கிருந்தோ எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். நான் கலைத்துக் கலைத்துக் காட்டினேன். ஒன்றும் விடாமல் சொன்னான். டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

"எப்படிரா தெரியுது?"

"தெரியல. இந்தப் படத்துல மூலையில பெரிய புள்ளி ஒண்ணு இருக்கு, இதுல இல்ல. அப்படி அப்படி மனப்பாடம் பண்ணேன். நான் பாஸ் ஆயிடுவேன் நைனா."

அவன் முகத்தில் அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றுதான் வெளிச்சம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனே போனைத் தூக்கிக்கொண்டு உதவி டிரைவர் தம்பியின் வீட்டுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அந்தத் தம்பி வாசலில் டியூட்டி ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மெடிக்கல்ல இந்தப் படம்தானே கேப்பாங்க?"

அவருக்கு விஷயம் தெரியும். சந்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் சிரித்தார். "பெரிய ஆளுடா நீ. படத்தையே மனப்பாடம் பண்ணிட்டியா?" பிறகு சிரிப்பு நின்றது. "படம் மட்டும் இல்லடா. இருட்டு ரூம்ல ஒக்கார வெச்சு லைட்டு காட்டுவாங்க. குண்டூசித் தலை அளவு. என்ன கலர்னு சொல்லணும்."

"எது மேல வரும், எது கீழ வரும்? சிக்னல்ல சிவப்பு எங்க வரும்னு எனக்குத் தெரியும்ணா."

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான் தெரியும். தூரத்துல மழையில வரும்போது எங்களுக்கும் அப்படித்தான் தெரியும்."

என் மகன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், இதற்கும் ஒரு வழி இருக்கும் என்பது போல. தம்பி ஷூவைக் கீழே வைத்தார்.

"டேய், என் வண்டிக்குப் பின்னாடி ஆயிரம் பேர் தூங்கினு வருவான். இனிமே என்கிட்ட இதைக் கேக்காதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் வரும்போது இவன் பெட்டியை வாங்கப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். மறுபடி இவன் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். முதல் நாள் அவள் இவனைப் பார்த்து, "ரே டிரைவர், நீ வண்டி ஓட்டற அன்னிக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிடு. நான் பஸ்ஸுல போயிக்கறேன்" என்றாளாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அவளும் உடைந்த பல்லோடு சிரித்தாளாம்.

"நீ இன்னாடா சொன்னே?" என்று என் மனைவி கேட்டாள்.

"நானும் சிரிச்சேன். வேற இன்னா பண்றது?"

அவள் குத்திக்காட்டச் சொன்னாளா, பழையபடி பேசிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று சாயங்காலம் போனில் தேடினேன். புள்ளிப் படங்கள் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தான்.

வயரிங் வகுப்பு இல்லாததால் அதில் இருந்த பிள்ளைகளைப் பிரித்து மற்ற வகுப்புகளில் போட்டார்கள். இவனுக்குத் தோட்டம் வந்தது. பள்ளிச் சுவர் ஓரமாகத் தக்காளி போட்டிருந்தார்கள். பழுத்ததைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு சனிக்கிழமை நான் சீக்கிரம் ஷிஃப்ட் முடிந்து அவனைக் கூட்டிவரப் போனேன். மற்ற பிள்ளைகள் தூரத்திலிருந்தே பார்த்து ஓடிப்போய்ப் பறித்தார்கள். இவன் ஒவ்வொரு செடியிடமும் குனிந்து, ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கெட்டியாக இருந்தால் விட்டுவிட்டான். மெத்தென்று இருந்தால் பறித்தான். மெதுவாக, யாரும் கவனிக்காதபடி. அந்த வேகமான கை அங்கே இல்லை.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருப்பான். இலைக்கு வேறு நிறம் அடித்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பெயரைக் கேட்காமல், இதே மாதிரி இன்னொன்று எடு என்று சொல்லிப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் விரல்கள் நன்றாக இருந்திருக்கும். சாருக்கு வேலை இருந்திருக்கும். அவனுக்கு ரயில் மட்டும் அப்போதும் இருந்திருக்காது.

அன்று அவன் கொண்டுவந்த தக்காளியை என் மனைவி நறுக்கினாள். பழத்தோடு இரண்டு மூன்று காயும் இருந்தன, வெயிலில் வாடி மெத்தென்று ஆனவை. எல்லாவற்றையும் சேர்த்தே தொக்கு வைத்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவனுக்கு நேராக அவள் உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி வந்தது. நீளமான ஹார்ன், கனமான சத்தம். தட்டுகள் அதிர்ந்தன. கூட்ஸ் என்று எனக்கே தெரிந்தது.

"பாசஞ்சர்" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வண்டியின் கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"பாசஞ்சர்தானேடா?"

"ஹவ் நைனா" என்றான்.